நாள்கூலியும் நன்றிப்பலியும்

ரப்பர் மரத்தில் பால் விடியுமுன்தான் நன்றாக ஓடும். இரவெல்லாம் மரம் உறிஞ்சிய நீர், பட்டைக்குள் இருக்கும் பால்குழல்களை விறைப்பாக வைத்திருக்கும். வெயில் ஏற ஏற அந்த விறைப்பு தளரும். வெட்டிய கோட்டில் பால் உறைந்து நின்றுவிடும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மூன்று தலைமுறைத் தமிழர் எத்தனை மணிக்குக் கண்விழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது இந்த மரத்தின் உடல்கூறுதான். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்களத்தில் நின்று, பேர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து பால் மங்கு எனும் கிண்ணத்துக்குள் விழாமல் மரமெங்கும் வழியும். அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை.

பெரட்டுக்கும் முன்னால், கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு சிறு ஜெபம் உண்டு. இரவைக் கடத்திக் கண்விழிக்க வைத்ததற்கு ஸ்தோத்திரம், இன்றைய நாளையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே, அவ்வளவுதான். கத்தோலிக்க வீடென்றால் சிலுவை அடையாளமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சேரும். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் ஆமென் சொல்வார்கள். இன்று தொண்ணூறை நெருங்கும் தோட்டத்துப் பாட்டிகள், அடுக்குமாடி வீட்டின் மூலையில் உட்கார்ந்துகொண்டு இதே ஜெபத்தை இதே நேரத்தில் சொல்கிறார்கள். பெரட்டு போய்விட்டது. ஜெபம் தங்கிவிட்டது.

இந்த நன்றியை வெறும் பக்திப் பழக்கமாகப் பார்த்தால் பாதிதான் புரியும் என்பது என் எண்ணம். நாள் என்பதே அங்கே கூலியின் அளவு. நெடிய ஆயுள் முதல் தலைமுறைகளுக்குக் கிட்டாத பொருள். ஆகவே தோட்டத்துக் கிறிஸ்தவரின் நன்றிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் தீர்க்கப்படாத பாக்கியும் இருக்கிறது. வேதாகமத்தின் முதியவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் நாம் அவர்கள் சொன்ன நன்றியை மட்டும் எடுத்துக்கொண்டு முறையீட்டை விட்டுவிடுகிறோம்.

முதலில், யாருக்கு நாள்கள் கிடைக்கவில்லை என்று பார்க்க வேண்டும். நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதியான சுங்கை ஊஜோங்கில் 1880களிலேயே காப்பித் தோட்டங்கள் இருந்தன. பிறகு ரப்பர் வந்தது. 1910ஐ ஒட்டி விலை உச்சிக்குப் போனபோது ரந்தாவ், லாபு, சிலியாவ், லிங்கி என்று காடு காடாக வெட்டிச் சாய்த்தார்கள். அங்கே உழைக்க வந்தவர்கள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். காட்டை வெட்டியதே அவர்களுக்கு எமனாயிற்று. கிள்ளானில் மாவட்ட மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன், 1911இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதை விளக்கினார். கடலோரச் சதுப்பில் மலேரியா பரப்பும் கொசு வேறு, குன்றுப் பகுதிக் கொசு வேறு. குன்றுப் பகுதியின் அனோபிலஸ் மாக்குலாட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும். நிழல் தந்த காடு இருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. மரங்களைச் சாய்த்து ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டதும் கொசு பெருகிற்று. கடலோரத்தில் பலன் தந்த திறந்த வாய்க்கால்கள் மேட்டு நிலத்தில் நிலைமையை இன்னும் மோசமாக்கின. நிலத்தடிக் குழாய் பதித்தும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும்தான் பின்னர் கட்டுப்படுத்தினார்கள். நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட மேடு பள்ள நிலத்தில் அமைந்தவை.

ரப்பர் ஏறுமுகத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் சில தோட்டங்களில் தொழிலாளர் இறப்பு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 200ஐயும் தாண்டியது. ஐந்து பேர் பெரட்டுக்கு நின்றால் அடுத்த ஆண்டு அதே களத்தில் நான்கு பேர். கர்னைல் சிங் சாந்து 1969இல் எழுதிய மலாயா இந்தியர் வரலாற்றில் இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. வந்தவர்களிலிருந்து திரும்பிப் போனவர்களைக் கழித்தால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இங்கே தங்கியிருக்க வேண்டும். 1957 கணக்கெடுப்பிலோ மலாயாவின் இந்தியர் மொத்தமே 8,58,616 பேர், அவர்களிலும் 62.1 விழுக்காட்டினர் இங்கேயே பிறந்தவர்கள். அப்படியானால் வந்து தங்கியவர்களில் பெரும்பாலோர் எங்கே? நோய், பாம்புக்கடி, களைப்பு, போதாத சாப்பாடு என்று சாந்து விடை சொல்கிறார். இந்த வரிகளை ஒருமுறை படித்தவருக்கு, சபையில் எண்பது வயதுப் பெரியவர் எழுந்து நின்று, என்னை இந்நாள்வரை நடத்தினார் என்று சாட்சி சொல்லும்போது அது வேறு பொருளில் கேட்கும்.

சாவுக் கணக்கு அத்தோடு முடியவில்லை. 1942, 43இல் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அவர்களில் பல பத்தாயிரம் பேர் திரும்பவில்லை. அதே போர்க்காலத்தில் நெகிரி செம்பிலானின் பகாவ் அருகே வேறொரு சோதனை நடந்தது. சிங்கப்பூரில் உணவு தட்டுப்பட்டபோது, அங்கிருந்த கத்தோலிக்கரான யுரேஷியரையும் சீனரையும் 1943இன் இறுதியிலிருந்து இங்கே குடியேற்றினார்கள். ஃபூஜி கிராமம் என்று பேர் வைத்தார்கள். மலாக்கா ஆயர் ஏட்ரியன் டெவல்ஸ் அந்த மக்களோடு வந்து தங்கினார். மண் விளையவில்லை, மலேரியா விளைந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். காலில் பட்ட காயம் முற்றியதால் ஆயர் 1945 ஜனவரியில் சிரம்பானில் இறந்தார், வயது 62. நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி. சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கோ அந்த மண்ணும் காய்ச்சலும் பழகிய சங்கதி. அவர்களுடைய இறப்புகளை யாரும் நினைவுநூலாக எழுதவில்லை, அவ்வளவே.

மோசேயின் பேரால் வழங்கும் 90ஆம் சங்கீதம் அடக்க ஆராதனைகளில் மிகுதியாக வாசிக்கப்படுவது. மனிதனின் ஆயுள் எழுபது, பலத்தால் எண்பது என்று சொல்லி, நாள்களை எண்ணும் அறிவைத் தரும்படி கேட்கும் பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். அத்தோடு நிறுத்திக்கொண்டால் அது நிலையாமைப் பாட்டு. திருக்குறளின் நிலையாமை அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. ஆனால் சங்கீதம் அங்கே நிற்கவில்லை. அதற்குப் பிறகு காலையில் கிருபையால் திருப்தியாக்கும்படி வேண்டுகிறது. துன்பப்பட்ட நாள்களுக்கு ஈடாக, தீமையைக் கண்ட ஆண்டுகளுக்கு ஈடாக, மகிழ்ச்சி தரும்படி கேட்கிறது. கடைசியில் கைகளின் வேலையை நிலைப்படுத்தும்படி மன்றாடி முடிகிறது. காலை, நாள்கணக்கு, கைவேலை: இந்த மூன்றும் ஒரே ஜெபத்தில். நாளுக்கு நாள், ஆண்டுக்கு ஆண்டு ஈடு கேட்கும் இந்தத் துணிச்சலைப் பிரசங்கங்கள் அடிக்கடி தாண்டிப் போகின்றன. தோட்டத்தில் சம்பள நாளன்று செக்ரோல் எனும் வேலைநாள் பதிவேட்டைப் பார்த்துக் கணக்கரான கிராணியிடம், இந்த மாதம் எனக்கு இருபத்திரண்டு நாள், இருபது என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா என்று கேட்டவருக்கு அந்தச் சங்கீதத்தின் தொனி புதிதாயிருக்காது.

யாக்கோபை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சம் பிழைக்க எகிப்துக்குப் போன கிழவர். பார்வோன் அவரிடம் கேட்கும் ஒரே கேள்வி வயது. நூற்றுமுப்பது என்கிறார், அதோடு நில்லாமல், என் நாள்கள் கொஞ்சமும் துன்பமுமானவை, என் பிதாக்களின் ஆயுளை எட்டவில்லை என்று பேரரசன் முகத்துக்கு நேரே சொல்கிறார். சொல்லிவிட்டு அவனை ஆசீர்வதித்தும் போகிறார். அந்நிய நாட்டு அதிகாரத்தின் முன் நிற்கும் புலம்பெயர்ந்த கூலி ஒருவர் இதைவிட நேர்மையாகப் பேசிய இடம் வேதத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. குறையையும் ஆசியையும் ஒரே வாயால் சொல்லும் உரிமை அந்த முதுமைக்கு இருந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே படியில் நின்றவர்கள் அல்லர். மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் 2010 கணக்கெடுப்பின்படி 6 விழுக்காட்டினர்தான். தோட்டத்தில் அவர்கள் இரண்டு இடங்களில் இருந்தார்கள். ஒரு சாரார் கிராணி, ஆசிரியர், தோட்ட மருத்துவமனை டிரெஸ்ஸர். யாழ்ப்பாணத்திலும் கேரளத்திலும் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள் இவர்களில் கணிசம். இன்னொரு சாரார் லயத்துத் தொழிலாளர்: தரங்கம்பாடி, தஞ்சாவூர் லுத்தரன் மரபிலிருந்தும், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன், கத்தோலிக்கச் சபைகளிலிருந்தும் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாட்டுப் புத்தகத்திலிருந்து வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையைப் பாடினார்கள். திங்கள் காலையில் ஒருவர் செக்ரோலை எழுதினார். மற்றவர் அதில் ஒரு வரியானார். இரண்டு பேரும் நாளுக்கு நன்றி சொன்னார்கள். அந்த நாள் இருவருக்கும் ஒரே விலையில் கிடைத்ததல்ல. சபைகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால் முதல் சாராரின் படங்களே பக்கங்களை நிறைக்கும்.

கூலியைப் பற்றி வேதம் வெளிப்படையாகவே பேசுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடு என்கிறது உபாகமம்; அவன் அதன்மேல் உயிரை வைத்திருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. வயலை அறுத்தவர்களிடமிருந்து பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் புதிய ஏற்பாட்டு யாக்கோபு தம் நிருபத்தில். திராட்சைத் தோட்ட உவமையில் (மத்தேயு 20) காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் எசமான் ஒரே வெள்ளிப்பணம் கொடுக்கிறார். அது ஒரு நாள் கூலி, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. தாமதமாக வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். மழையால் பெரட்டுக்களத்திலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவனும் அதையே சொல்லியிருப்பான். வெட்டாத நாளிலும் வயிறு இருக்கிறதே என்ற கேள்வியைத்தான் தோட்டத் தொழிற்சங்கமும் கேட்டது. போருக்குப் பின் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன் போன்றவர்கள் முன்நின்று 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். நாள்கூலி ஒழிந்து மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை நீண்டது. 2013இல் தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி என்று குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, பழைய வெட்டுக்காரர்களில் பெரும்பாலோர் வேலையை விட்டிருந்தார்கள்; மரங்களும் செம்பனையாகியிருந்தன.

அதற்குள் ஆயுள் நீண்டுவிட்டது. சுதந்திர ஆண்டான 1957இல் தீபகற்பத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 55.8 ஆண்டு, பெண்ணுக்கு 58.2. இன்று மலேசியரின் சராசரி எதிர்பார்ப்பு 75ஐ ஒட்டி நிற்கிறது. சங்கீதக்காரர் சொன்ன எழுபது, அப்போது தோட்டத்தில் அதிசயம், இப்போது சாதாரணம். யார் கொடுத்த ஆயுள் இது? ஆண்டவர் கொடுத்தார் என்று பாட்டி சொல்வார். அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆண்டவர் எதன் வழியாகக் கொடுத்தார் என்று கேட்பதும் விசுவாசத்துக்கு விரோதமல்ல. ஓடையில் எண்ணெய் தெளித்த கூலியாள், கொயினா மாத்திரையை வாயில் போட்டு விழுங்கும்வரை நின்று பார்த்த டிரெஸ்ஸர், பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி, குழாய்த் தண்ணீருக்காக ஆபீஸ் வாசலில் நின்ற தொழிற்சங்கக் கிளைத் தலைவர், ஒரு வெள்ளிக்கு மருந்து தரும் அரசு கிளினிக் ஆகிய எல்லாம் அந்த நன்றியின் பட்டியலில் வர வேண்டியவை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது பதினைந்து ஆண்டு கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்த தேவன், ஏசாயாவைக் கொண்டு அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டவும் சொன்னார். அற்புதமும் மருந்துக்கட்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

நன்றியுணர்வு ஆயுளைக் கூட்டும் என்று இப்போது மருத்துவ ஆய்வுகள் வேறு வருகின்றன. மேடைப் பேச்சாளர்களுக்கு அவை கொண்டாட்டம். 2001இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வொன்று, அமெரிக்கக் கன்னியர் 180 பேர் இளமையில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. மகிழ்ச்சியும் நன்றியும் மிகுதியாக எழுதியவர்கள், குறைவாக எழுதியவர்களைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். 2024இல் வந்த இன்னோர் ஆய்வு 49,275 அமெரிக்கச் செவிலியரை நான்காண்டு தொடர்ந்தது; அவர்களின் சராசரி வயது 79. நன்றியுணர்வு மிகுந்த பிரிவினரின் இறப்பு வாய்ப்பு 9 விழுக்காடு குறைவாக இருந்தது. மதிப்புக்குரிய ஆய்வுகள்தான். ஆனால் கன்னியரை ஆய்வுக்குத் தேர்ந்த காரணத்தைக் கவனியுங்கள்: எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே கூரை, ஒரே மருத்துவம், பிள்ளைப்பேறும் இல்லை. வாழ்க்கை நிலை சமமாக இருந்ததால் மனநிலையின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. எட்டுப் பிள்ளை பெற்று, வெட்டுக்குப் போகும்போது கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, மாலையில் ஒட்டுப்பால் நாற்றத்தோடு அடுப்பு மூட்டிய பெண்ணின் ஆயுளை நன்றியுணர்வின் அளவுகோலால் அளக்கப் போனால் பெரிய அநியாயம் செய்வோம். அவருக்கு முன்பே இறந்துபோன பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றியுணர்வு குறைவாயிருந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

கிறிஸ்தவ மரபு ஒருபோதும் அப்படிச் சொன்னதுமில்லை. நன்றி சொன்னால் நாள் கூடும் என்று பேரம் பேசுவது வேறு சமயம். இயேசு முப்பத்துச் சொச்சம் வயதில் இறந்தார். வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்கு உரியதாகவே விழுந்தது. சேர்த்து வைத்தது புழுத்தது. அன்றாட அப்பத்துக்கான ஜெபமும் நாளை மறுநாளைக் கேட்கவில்லை. லூக்கா நமக்குக் காட்டும் அன்னாள், எண்பத்து நான்கு வயதுவரை விதவையாகத் தேவாலயத்தை விட்டு நீங்காதிருந்தவர். அவர் குழந்தை இயேசுவைக் கண்டு ஸ்தோத்திரித்தது தம் ஆயுளுக்காக அல்ல. எருசலேமின் மீட்புக்குக் காத்திருந்த அனைவரிடமும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசினார் என்று எழுதியிருக்கிறது. நெடிய ஆயுளை அவர் பிறருக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தினார்.

கூடிய ஆண்டுகளை இன்றைய தோட்டத்து முதியவர்கள் எங்கே, எப்படிக் கழிக்கிறார்கள்? நெகிரி செம்பிலானின் நில வரைபடம் முப்பது ஆண்டுகளில் மாறிவிட்டது. லாபுப் பக்கம் பண்டார் என்ஸ்டெக், சிரம்பானுக்கு மேற்கே ஸ்ரீ செண்டாயான், நீலாயைச் சுற்றித் தொழிற்பேட்டைகள், கல்லூரிகள். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் நெடுஞ்சாலையும் வீடமைப்பும். தோட்டம் கைமாறும்போது கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு மூன்றும் பேச்சுவார்த்தைக்கு வரும். லயத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளோடு சிரம்பான், செனவாங் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். வேலை போகும்போதே வீடும் போவது தோட்ட வாழ்வின் பழைய விதி. தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற பேச்சு எழுபதுகளிலிருந்து நடக்கிறது. கிடைத்தவர்கள் உண்டு, கிடைக்காதவர்களும் நிறைய. சேமநிதிப் பணம் ஐம்பத்தைந்தில் மொத்தமாகக் கைக்கு வரும். அது நாள்கூலியில் பிடித்த சிறு தொகை. மகளின் கல்யாணம், மகனின் மோட்டார் சைக்கிள் என்று இரண்டு மூன்று ஆண்டில் கரைந்த பிறகும் இருபது முப்பது ஆண்டு உயிர் மிச்சம் இருக்கிறது.

உடம்பும் வேறு கணக்குச் சொல்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரில் அது 31.4 விழுக்காடு. இந்திய ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு இங்குள்ள மலாய், சீன ஆண்களைவிடக் குறைவு. சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையிலும் போர்ட்டிக்சன் மருத்துவமனையிலும் விடியற்காலை வரிசையில் நிற்பவர்களில் கால்விரல் இழந்த பழைய வெட்டுக்காரர்கள் இல்லாத நாள் இராது. பெரட்டு நேரத்துக்கே எழுந்து வரிசை பிடிக்கிறார்கள் என்பதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது.

இவர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது பர்சிலா. தாவீதின் ஆபத்துக் காலத்தில் சாப்பாடு கொடுத்த கிலேயாத்து முதியவர். ராஜா எருசலேமுக்குத் திரும்பும்போது, என்னோடு வந்து அரண்மனையில் இரும், நான் உம்மைப் பராமரிப்பேன் என்று அழைக்கிறார். பர்சிலா மறுக்கிறார். எண்பது வயதாகிறது, சாப்பாட்டின் ருசி தெரியவில்லை, பாடுகிறவர்களின் குரல் காதில் ஏறவில்லை, ராஜாவுக்கு நான் ஏன் பாரமாக வேண்டும் என்கிறார். முதுமையின் உடலை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொன்ன பகுதிகள் பழைய இலக்கியங்களில் குறைவு. தகப்பனும் தாயும் அடக்கம்பண்ணப்பட்ட என் ஊரிலேயே சாக விடும் என்று கேட்டுக்கொண்டு, தம் இடத்தில் கிம்காம் என்ற இளைஞனை நகரத்துக்கு அனுப்புகிறார். லயத்தை விட்டு வர மறுத்த தாத்தாக்களும், நகரத்துக்கு அனுப்பப்பட்ட மகன்களும் நெகிரி செம்பிலானில் எத்தனையோ பேர். பர்சிலாவுக்குக் கிடைத்தது தேர்ந்தெடுக்கும் உரிமை. ராஜா அவரை முத்தமிட்டு ஆசீர்வதித்து ஊருக்கு அனுப்பினார். தோட்டத்துப் பெரியவருக்கு வந்ததோ வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்.

சபைகள் சும்மா இருக்கவில்லை. 1976இல் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் ஒரு மாதம் கூடி விவாதித்து எடுத்த முடிவுகளின் பயனாக அன்பியங்கள் வேரூன்றின. குருவானவர் வராத வாரத்திலும் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். படுத்த படுக்கையான முதியவரின் கட்டிலைச் சுற்றி அந்தக் கூட்டம் நடப்பது வழக்கமானது. தமிழ் மெதடிஸ்டு, லுத்தரன் சபைகளில் ஆண்டிறுதி இரவு ஆராதனையில் பெரியவர்கள் சாட்சி சொல்வதும், பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பதும் உண்டு. இந்து அயலார் அறுபதாம் கல்யாணமும் எண்பதில் சதாபிஷேகமும் செய்வதைப் பார்த்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், அதே வயதுகளில் நன்றி ஆராதனை வைத்து அதே பந்தியில் அதே அயலாரோடு சாப்பிடுகின்றன. தோட்டத்துச் சமயம் இப்படித்தான் இருந்தது. ஜூலை இறுதியில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குப் பேருந்து எடுக்கும்போதும் அதில் இந்துக் குடும்பங்கள் ஏறிக்கொள்ளும். அன்னம்மாளும் சுவக்கீனும் வேதாகமத்தில் இல்லாதவர்கள். முதுமையில் மரியாளைப் பெற்ற தம்பதி, அதாவது இயேசுவின் தாத்தா பாட்டி, என்று இரண்டாம் நூற்றாண்டு மரபு சொல்கிறது. அவர்கள் திருநாளை ஒட்டி, ஜூலையின் நான்காம் ஞாயிற்றை உலகத் தாத்தா பாட்டியர் நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் அறிவித்தார். 2019இல் சிறு பேராலயமாக உயர்ந்த அந்தத் திருத்தலத்துக்கு இது பொருத்தமான கூட்டுச்சேர்க்கை.

நெகிரி செம்பிலானை உள்ளடக்கிய கோலாலம்பூர் உயர் மறைமாவட்டத்தின் பேராயராக 1983 முதல் 2003 வரை இருந்த அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ், மலேசியாவின் முதல் கர்தினாலாக ஆனபோது வயது 84. எண்பதைத் தாண்டியவர் திருத்தந்தைத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அதிகாரமில்லாத பட்டம் என்று சொல்லலாம். உடல்நலக் குறைவால் ஓய்வுபெற்ற மனிதரைப் பதின்மூன்று ஆண்டு கழித்து அழைத்துக் கௌரவித்ததில், வேலை செய்ய முடியாத முதியவருக்கும் சபையில் இடமுண்டு என்ற செய்தி இருந்தது. 2020இல் 88 வயதில் இறந்தார். உழைப்பு நின்றதும் பேர் அடிக்கப்படும் செக்ரோல் உலகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு அந்நியமானது என்பதை நகரத்து விசுவாசிகள் உணர்ந்தார்களா என்று தெரியவில்லை.

மீண்டும் எசேக்கியா. கூட்டிக் கொடுக்கப்பட்ட பதினைந்து ஆண்டுகளுக்காக அவர் எழுதிய நன்றிப் பாடல் ஏசாயா 38ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அழகான பாடல், முதியோர் ஞாயிறுகளில் வாசிக்கத் தகுந்தது. அடுத்த அதிகாரம் சங்கடமானது. பாபிலோன் தூதருக்கு அவர் தம் பொக்கிஷங்களையெல்லாம் திறந்து காட்டுகிறார். இவையெல்லாம் கொண்டுபோகப்படும், உன் பிள்ளைகளும் சிறைபோவார்கள் என்று தீர்க்கதரிசி சொல்கிறார். ராஜாவின் பதில்: நல்லது, என் நாள்களிலாவது சமாதானம் இருக்குமே. அந்தக் கூடுதல் ஆண்டுகளில் பிறந்த மனாசே, யூதாவை ஆண்டவர்களிலேயே மிகக் கொடியவனானான்.

தோட்டத்துப் பாட்டிகள் எசேக்கியாவைப் போலப் பேசிக் கேட்டதில்லை. தங்கள் நாளுக்கு ஸ்தோத்திரம் சொன்ன கையோடு, வாடகை வீட்டில் இருக்கும் பேரனுக்கு வீடு கிடைக்க வேண்டும், பேத்தி சிவப்பு அடையாளக் கார்டோடு அலைகிறாளே, அவளுக்குக் குடியுரிமை வர வேண்டும் என்று பேர் சொல்லி ஜெபிக்கிறார்கள். அந்த இரண்டாம் பாதி ஜெபத்துக்கு அதிகாலை ஜெபத்தைவிட நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. அதில் வரும் நில அலுவலகத்தின் பேரும் பதிவிலாகாவின் பேரும் சபைச் செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் எப்போதாவதுதான் வருகின்றன.